யார் ‘மெனஸ்’? மலையக நிருபர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் பிரதேச நிருபர்களுக்கும், அந்தச் செய்திகளுக்குக் கொழும்பில் இருந்து தலைப்புப் போடும் துணை ஆசிரியர்களுக்கும்:

உங்கள் மேசைகளுக்கு நாள் தவறாமல் வந்துபோகும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றியது இம்மடல். ‘மெனஸ்’ என்பது அது. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டினால் குரங்கு மெனஸ், யானை மெனஸ், நாய் மெனஸ், நுளம்பு மெனஸ், குப்பை மெனஸ், போதைப்பொருள் மெனஸ் என்று வரிசை நீளும். எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் அதைக் கட்டிவிடலாம். செய்தி தமிழுக்கு வரும்போது ‘அட்டகாசம்’, ‘தொல்லை’, ‘அச்சுறுத்தல்’ என்ற மூன்றில் ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எது உட்காரும் என்பதைப் பல வேளைகளில் பத்தியின் அகலமே தீர்மானிக்கிறது போலும். அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். கண்டியைச் சுற்றியே அதற்குப் பதில் நிறையக் கிடக்கிறது.

குரங்கிலிருந்து தொடங்கலாம். தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலைக் காடு ஏறத்தாழ 104 ஹெக்டேயர். 1856இல் ஒதுக்குக்காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. நகரம் அதை நாலாபக்கமும் நெருக்கி வந்துவிட்டது. காட்டோரத்து வீடுகளில் விடிந்து கொஞ்ச நேரத்தில் தகரக் கூரை தடதடக்கும். உச்சந்தலையில் வகிடு எடுத்து வட்டமாகச் சீவிவிட்டதுபோல முடி சுழித்த சிறிய குரங்குகள், சிங்களத்தில் ‘ரிலவா’ எனப்படுபவை, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். ஒரு துண்டுப் பாண் கையில் அகப்பட்டால் அந்த இடத்திலேயே தின்று முடிப்பதில்லை. முதலில் கன்னப்பைக்குள் திணிக்கும். அடுத்த துண்டையும் திணிக்கும். பிறகு எட்டாத உயரத்தில் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி உள்ளே இருப்பதை வாய்க்குத் தள்ளி, ஆறுதலாக மெல்லும். கடைக்காரர் தடியோடு நிற்கும் இடத்தில் உண்டு முடிக்க அதற்கு என்ன தலைவிதி?

இந்தக் குரங்கு இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆனாலும் 1771இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் ‘சினிக்கா’, அதாவது சீனத்துக்குரியது, என்று எழுதிவைத்துவிட்டார். 2023 ஏப்ரலில் அன்றைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, ஒரு இலட்சம் ரிலவாக்களைச் சீனத்து மிருகக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பலாம் என்று சொன்னபோது, அந்தப் பழைய பிழையைத் திருத்த முயன்றாரோ என்னவோ. கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் தனக்கு அப்படியொன்றும் தெரியாது என்றது. சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஆண்டின் நடுவில், அனுப்பும் எண்ணமில்லை என்று அரச தரப்பு நீதிமன்றத்தில் சொல்லி முடித்தது. உலக அழிவாபத்துப் பட்டியலில் ‘அழியும் ஆபத்திலுள்ளது’ என்ற வரிசையில் இருக்கும் ஒரு விலங்கு, அது பிறந்த நாட்டின் தலைப்புகளில் மெனஸ்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி போஞ்சி போட்டிருக்கும் குடும்பத்துக்கு ஒரு காலைப்பொழுதில் அத்தனையும் போனால், அது அந்த மாதத்துக் கைச்செலவு. குருத்திலேயே பிய்த்தெறியப்பட்ட குரும்பைகளைப் பொறுக்கிக்கொண்டு நிற்பவரிடம் போய் அழிவாபத்துப் பட்டியலைக் காட்டுவது அழகில்லை. ஆகவே ‘குரங்கு பாவம்’ என்று எழுதும்படி இம்மடல் கேட்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு செய்தி மறைந்துபோகிறது என்பதுதான் பேச்சு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன. தமிழ்த் தலைப்புகளிலும் குரங்கே நாயகன். அடுத்து வந்த மின்சார சபையின் விளக்கம் அந்த அளவுக்கு ஓடவில்லை: ஞாயிறு என்பதால் மின் தேவை குறைவு, வெயில் என்பதால் கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி, அந்த நிலையில் வலையமைப்பு ஒரு சிறு அதிர்ச்சியைக்கூடத் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு குரங்கின் உடம்பு பட்டு முழு நாடும் இருண்டது என்றால் விசாரிக்க வேண்டியது வலையமைப்பை. மெனஸ் என்ற சொல் விசாரணையைக் குரங்கோடு முடித்துவைத்தது.

அதற்கடுத்த மாதம், மார்ச் 15 சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு தழுவிய விலங்குக் கணக்கெடுப்பு. அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மலை அணில், மயில் ஆகியவற்றை எண்ணச் சொன்னார்கள். முடிவில் ரிலவா மட்டும் 50 இலட்சத்தைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. கண்டியில் கூரைக்குக் கூரை தாவும் ஒரு கூட்டத்துக்கு ஐந்து நிமிடத்தில் எத்தனை வளவுகளைக் கடக்க முடியும் என்பது அங்கு வாழும் எவருக்கும் தெரியும். ஒரே கூட்டம் மூன்று படிவத்தில் ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை. தவிர, ‘எத்தனை’ என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும் ‘ஏன் இங்கே’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வாவிக்கரையில் கச்சான் கடலையும் வாழைப்பழமும் போடும் கைகள், மூடியில்லாத குப்பைத் தொட்டிகள், கொஹாகொடையில் மகாவலிக் கரையோரமாகப் பல பத்தாண்டுகளாகக் குவிந்த நகரக் குப்பை, உடவத்தகெலைக்குள்ளேயே உள்ளூர் மரக்கன்றுகளை மேலெழ விடாமல் பரவியிருக்கும் பெரு பால்சம் என்ற வெளிநாட்டு மரம்: இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி. உங்களில் சிலர் எழுதியும் இருக்கிறீர்கள். ஆனால் ‘குரங்குகள் அட்டகாசம்’ என்று தலைப்பு விழுந்துவிட்டால் உள்ளே என்ன எழுதினாலும் வாசகர் கண்ணில் குரங்கு மட்டுமே நிற்கும்.

அட்டகாசம் என்ற சொல்லும் விசித்திரமானதுதான். வடமொழி ‘அட்டஹாஸ’த்திலிருந்து வந்தது, வெடித்துச் சிரிக்கும் சிரிப்பு என்பது மூலப் பொருள். புராணங்களில் சிவனும் காளியும் அசுரர்களும் சிரித்தது அந்தச் சிரிப்பு. பிறகு அடாவடி, அத்துமீறல் என்று பொருள் சாய்ந்தது. சென்னைப் பேச்சில் இன்னொரு பக்கம் சாய்ந்து, ‘பிரமாதம்’ என்றாகிவிட்டது. 2004இல் அஜித் படத்துக்கு அந்தப் பெயர் வைத்தபோது எவரும் அதை முறைப்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை. குரங்கு விடயத்தில் சிரிப்பு என்ற மூலப் பொருளுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. ரிலவா உண்மையில் மிரட்டும்போது வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி, கண்ணுக்கு நேரே உற்றுப் பார்க்கும். பல்லைக் காட்டி இளிப்பது அது பயந்திருக்கும்போது. பேராதனைப் பூங்காவில் சுற்றுலாப் பயணி ‘சிரிக்கிறது பார்’ என்று கைப்பேசியை நீட்டும் படங்களில் பாதி, நடுங்கிக்கொண்டிருக்கும் குரங்கின் படங்கள்.

குரங்குகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. சிங்களத்தில் ரிலவா வேறு, வந்துரா வேறு. வந்துரா என்பது நீண்ட வாலும் கறுத்த முகமும் கொண்ட, பெரும்பாலும் இலை தின்னும் மந்தி. தமிழுக்கும் இந்த வேறுபாடு புதிதில்லை. தொல்காப்பிய மரபியலே குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்துத்தான் பேசுகிறது. இன்றைய செய்திகளில் எல்லாம் ‘குரங்கு’. தோட்டத்தில் இலையைக் கொறித்துவிட்டுப் போன முசுவின் கணக்கும், சமையலறைக்குள் வந்த ரிலவாவின் கணக்கும் ஒரே தலையில் எழுதப்படுகின்றன.

இனி ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். மெனஸ் பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் இலத்தீன். ‘மினே’ என்றால் அச்சுறுத்தல். கோட்டைச் சுவரின் மேல் வெளியே துருத்தி நிற்கும் முனைகளுக்கும் அதுவே பெயர். தலைக்கு மேல் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அது மிரட்டுகிறது என்பது அந்த மொழிக்காரர்களின் கணிப்பு. இன்னொரு கிளை வேடிக்கையானது. ‘மினாரே’ என்ற பிற்கால இலத்தீன் வினை, மாடுகளைச் சத்தம் போட்டு அதட்டி ஓட்டுவதைக் குறித்தது. அதிலிருந்து நடத்திச் செல்லுதல் என்ற பொருளில் பிரெஞ்சு வினை ஒன்று பிறந்து, உலாவுதல் என்ற பொருளுள்ள ‘ப்ரொமனாட்’ வரை வந்து நின்றது. கண்டி வாவியைச் சுற்றி மாலையில் காற்று வாங்க நடப்பவர்கள் மெனஸின் தூரத்து உறவினர்கள்.

ஆங்கிலேயர் பிறகு அந்தச் சொல்லை இரண்டு திசையில் இழுத்தார்கள். சட்டத்தில் அது கனத்தது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், 21ஆம் பிரிவில், நியாயமற்ற ஒன்றை மெனஸோடு கேட்பதைத்தான் மிரட்டிப் பறித்தல் என்கிறது. பேச்சில் அது இலேசானது. 1951 மார்ச் 12ஆம் திகதி, ஒருவரையொருவர் அறியாமல், அமெரிக்காவில் ஒரு குறும்புக்காரப் பையனும் பிரித்தானியாவில் இன்னொரு குறும்புக்காரப் பையனும் ‘டெனிஸ் த மெனஸ்’ என்ற ஒரே பெயரில் சித்திரக்கதையாகக் கடைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து சுட்டிப் பிள்ளையும் மெனஸ்தான். நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இலேயே கவனமாக இருந்திருக்கிறது. கப்பத்துக்கு 372ஆம் பிரிவு, மிரட்டலுக்கு 483ஆம் பிரிவு. இரண்டிலும் யார், யாரை, எதற்காக, என்ன தீங்கு செய்வதாகச் சொன்னார் என்பது நிரூபிக்கப்பட வேண்டும். பத்திரிகைத் தலைப்புக்கு அந்தச் சுமை கிடையாது.

‘மினே’யின் நெருங்கிய உறவு இன்னொன்று, ‘இம்மினென்ட்’. மேலே தொங்கி நிற்பது, எந்நேரமும் விழப்போவது என்று பொருள். மலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது என்று சொற்பிறப்பாளர் சிலர் கருதுகிறார்கள். கண்டி என்ற பெயரே மலையைக் குறிக்கும் ‘கந்த’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பதால், இந்த ஊருக்கு அந்த உறவு சும்மா ஒரு தகவலாக இருக்க முடியாது. இங்கே தலைக்கு மேல் துருத்தி நிற்பது மலைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு. சிவப்பு என்றால் உடனே வெளியேறு. மூன்றுக்கும் ‘மண்சரிவு அபாயம்’ என்று ஒரே தலைப்புப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செய்தியை வாசிக்கும் லயத்துக் குடும்பம் மூட்டையைக் கட்டுவதா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா?

பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மலை சரிந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது தெரியவந்தது. சொல் இருந்தது, மாற்றுக் காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டம் பட்ட அடியை உங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேறு மூடிய வீதிகளில் நடந்து போய் எழுதியவர்கள் நீங்கள். அந்த நாட்களின் செய்திகளில் மெனஸும் இல்லை, அட்டகாசமும் இல்லை. ஊர்ப் பெயர், எண்ணிக்கை, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று மட்டும் இருந்தன. அதுவே நல்ல செய்தி எழுத்து.

கடினமான பகுதிக்கு வரவேண்டும். விலங்குக்குக் கட்டிய வாலை மனிதருக்கும் கட்டுவது பெரிய தூரமில்லை, கண்டிக்கு அது தெரியும்.

1915 மே 28, வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதியில் ஊர்வலமும் பள்ளிவாசலும் எதிர்ப்பட்ட இடத்தில் தொடங்கிய கலவரம் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. அதற்கு முன்பே கம்பளையில் பெரஹராவின் வாத்திய ஓசை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் மனக்கசப்பை வளர்த்திருந்தது. ஒரு தரப்புக்கு முஸ்லிம் வணிகர் ஆபத்தாகத் தெரிந்தார்கள். ஆங்கிலேய ஆட்சிக்கோ முழு நிகழ்வும் பேரரசுக்கு எதிரான சதியாகத் தெரிந்தது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. ஜூலை 7இல் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சட்ட நிரூபண சபையில் அவர்களுக்காக வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். அந்த வாதத்தில் முஸ்லிம்கள் பட்ட சேதத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் நெடுநாள் இருந்தது என்பதும் வரலாறு. ஒரே சம்பவத்தில் யார் யாருக்கு மெனஸ் என்று எத்தனை பட்டியல் போடலாம் பாருங்கள்.

கண்டியச் சிங்களக் கிராமங்களையும் வாக்குகளையும் இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் மூழ்கடித்துவிடுவார்கள் என்ற பேச்சு 1920களின் இறுதியில் வாக்குரிமை விவாதத்திலேயே கேட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனார்கள். மறு ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதென்றும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். உங்களில் பலருடைய தாத்தா பாட்டிமார் அந்த எண்களுக்குள் இருந்தவர்கள். அந்தத் தலைமுறை எவரையும் மிரட்டியதாகச் செய்தியில்லை. அவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

2018 மார்ச் இன்னும் ஆறாதது. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அதற்கு ஒரு சில நாள் முன்னர்தான் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை இருந்ததாக வதந்தி கிளம்பிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். மாக்கட்டியில் பிறந்த பயம் கைப்பேசி வழியாகக் கண்டிக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து திகனயிலும் சுற்றியும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகால நிலை, மறுநாள் சமூக வலைத்தளங்களுக்குத் தடை. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக 2020 மே மாதத்தில் ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு அந்த வருத்தம் என்ன செய்யும் என்பது வேறு விடயம். நிருபருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது: ‘இனங்களுக்கிடையே பதற்றம்’ என்று எழுதும்போது, யார் கையில் கல் இருந்தது, யார் வீட்டில் கூரை இல்லை என்பதையும் அதே பந்தியில் எழுதுவது.

அந்த 2018ஆம் ஆண்டு ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை சிலரைக் காயப்படுத்தியது. ஊரார் சூழ்ந்து அதை அடித்தே கொன்றார்கள். அதைப் படமெடுத்துப் பரப்பினார்கள். மக்களுக்குக் காயம்பட்டது உண்மை. கொன்ற பிறகு உடலோடு படம் எடுத்துக்கொண்டதும் உண்மை. மலையகத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டச் செய்தி அடிக்கடி வருகிறது. ‘சிறுத்தை அச்சுறுத்தல்’ என்று முடிந்தும் விடுகிறது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி அருகே ஒரு கருஞ்சிறுத்தை காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிக்கியது. மூன்று நாளில் செத்தது. இலங்கையின் கருஞ்சிறுத்தைகள் காண்பதற்கே அரியவை. அந்தச் சுருக்குக் கம்பியை வைப்பது சட்டவிரோதம். ஆனாலும் பன்றி கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போனால் தோட்டத்தவர் எங்கே போய் முறையிடுவது, வனசீவராசிகள் அலுவலகம் எத்தனை மைலுக்கு அப்பால் என்பதும் சேர்ந்தால்தான் அந்தச் செய்தி முழுமையாகும்.

கடைசியாகக் குளவி. இம்மடலுக்கு உண்மையான காரணம் இதுதான்.

குரங்குக்கு அட்டகாசம், யானைக்கு அட்டகாசம், சிறுத்தைக்கு அச்சுறுத்தல் என்று முழங்கும் பத்திரிகைகள், தோட்டத் தொழிலாளரை உண்மையில் சாகடிக்கும் ஒன்றைப் பற்றி எழுதும்போது குரலைத் தாழ்த்திவிடுகின்றன. ‘குளவிக் கொட்டுக்கு இலக்கான பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி.’ எண்ணிக்கையும் தோட்டத்தின் பெயரும் மாறும், வாக்கியம் மாறாது. மூன்று சதுர அங்குலத்துக்குள் முடிந்துவிடும். மண்டபத்தில் பரிசளிப்பு விழாச் செய்தி அதைவிட நீளமாக வரும்.

அந்தக் ‘குளவி’ எது? பல தடவை அது குளவியே இல்லை. சிங்களத்தில் ‘பம்பரா’ எனப்படும் மலைத்தேனீ, உயர்ந்த மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீ. சிகிரியாவில் சுற்றுலாப் பயணிகளைத் துரத்துவதும் அதுதான். ‘தெபரா’ எனப்படுவது வேறு. மஞ்சள் பட்டை போட்ட பெருங்குளவி, பந்துபோல் கூடு கட்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும், ஆகவே தாமதிக்காமல் அதை வழித்தெடுக்க வேண்டும். குளவி கொடுக்கை விடாது. ஒன்றே பல தடவை கொட்டும். தோட்டத்து டிஸ்பென்சரிக்காரருக்கும் உடன் வேலை செய்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்தால் உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். தமிழில் இரண்டுக்கும் ‘குளவி’ என்றே எழுதிக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்?

கொழுந்து பறிப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடை, இடுப்பில் கட்டிய படங்கு, இரண்டு கையும் செடிக்குள். செடிகள் இடுப்புயரத்துக்கு நெருக்கமாக நிற்கும் சரிவு. கூடு கலைந்தால் ஓட முடியாது; ஓடினாலும் கான் இடறும். வயதானவர் பின்தங்குவார், இளையவர் அவரை இழுக்கத் திரும்புவார், இருவரும் கொட்டுப் படுவார்கள். லொறியோ முச்சக்கரவண்டியோ வந்து, கிடங்கும் குழியுமான தோட்டப் பாதையில் இறங்கி, மாவட்ட வைத்தியசாலைக்குப் போகும்வரை ஒவ்வாமை காத்திருக்காது.

பராமரிப்பின்றிக் காடாகிவிட்ட தேயிலை மலைகளும், வெட்டப்படாமல் விட்ட நிழல்மரங்களும் கூடுகளுக்கு வசதி. கூடு இருப்பதைத் தொழிலாளர் கங்காணியிடம் சொல்லியிருப்பார்கள். சில நேரம் அது துரைவரைக்கும் போயிருக்கும். ஆகவே அடுத்த தடவை நீங்கள் வைத்தியசாலை வாசலில் நிற்கும்போது எத்தனை பேர் என்ற கணக்கோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு எழுதுங்கள். கொட்டியது தேனீயா குளவியா? எத்தனையாம் இலக்க மலை? கூடு அங்கே எவ்வளவு நாளாக இருந்தது, யாரிடம் அறிவிக்கப்பட்டது? டிஸ்பென்சரியில் ஒவ்வாமைக்குரிய ஊசி மருந்து இருந்ததா? கொட்டு விழுந்த நேரம் என்ன, வைத்தியசாலை சேர்ந்த நேரம் என்ன?

நேரத்தை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது வேலையால் நேர்ந்த காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு கேட்கலாம். கொட்டுப்பட்டது வேலை நேரத்தில், பேர் போட்ட மலையில்தான் என்பதை அந்தக் குடும்பம் பிறகு நிரூபிக்க வேண்டி வரும். அப்போது அவர்கள் கையில் வைத்தியசாலைத் துண்டோடு உங்கள் பத்திரிகை நறுக்கும் இருக்கலாம். அதில் ‘காலை 10.20, 7ஆம் இலக்க மலை’ என்று இருந்தால் நல்லது.